இரண்டாவது கூட்டத்துக்கு எந்தக் கோழி?

வீட்டில் இரண்டாவதாக ஒரு கோழிக் கூட்டம் வைப்பது என்று இந்த ஆடியில் முடிவு செய்துவிட்டோம். முட்டைக்கென்று வளர்க்கிற கோழி இல்லை, கறிக்கும் இல்லை. உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி பொசுபொசுன்னு இருக்குமே, நகரத்துல மொட்டை மாடியில வளர்க்கிறாங்களே, அந்த ஃபேன்சி கோழி. நெல்லும் கடலையும் போடுற ஆளுக்கு இது எதுக்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்க தெருவுல ஏற்கனவே கேட்டுட்டாங்க. காரணம் இருக்கு. அதையும், எந்த இனம் என்று எப்படி முடிவுக்கு வந்தோம் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் நாலைந்து பேராவது இந்தக் கோழிகளை வாங்கலாமா என்று முன்பே கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் உதவும்.

முதல் கூட்டம் அம்மாவுடையது. எல்லாம் சிறுவிடைக் கோழிகள். புதுசாப் படிக்கிறவங்களுக்காகச் சொல்கிறேன்: சிறுவிடை என்பது நம்ம ஊர் நாட்டுக்கோழியில் சின்ன உடம்புக்காரி. பெட்டை ஒன்றேகால், ஒன்றரை கிலோவைத் தாண்டாது. மேய்ந்து தின்னும், மரத்தில் ஏறிப் படுக்கும், பருந்து நிழலைப் பார்த்தால் குஞ்சைக் கூப்பிட்டுக்கொண்டு வேலிக்குள் ஓடும். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எங்கள் வீட்டில் கோழி என்று ஒன்றும் இல்லை. மண்டபத்தூர் கடலை ஒட்டிய ஊர். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அம்மா தன் பிறந்த ஊருக்குப் போய், திருநள்ளாறு பக்கம், இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தது. அந்தக் கோழிகளின் வாரிசுதான் இன்றைக்கும் கொல்லையில் மேய்கிறது. நடுவில் யார் யார் வீட்டுச் சேவலோ வந்து கலந்து, கூட்டத்தில் பாதி இப்போது கலப்பு. பழைய வழியில் அப்படியே நிற்பது செவலை என்று நாங்கள் கூப்பிடும் ஒரு பெட்டையும், அதோட இரண்டு விடைக்கோழிகளும், ஒரு சேவலும்தான்.

செவலைக்கு வயசாகிவிட்டது. முட்டை இன்னும் போடுகிறது. அடையில்தான் உட்கார மாட்டேன் என்கிறது. போன இரண்டு தடவையும் பத்து நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விட்டது. பத்து நாள் சூடு வாங்கின முட்டை அப்புறம் எதுக்கும் உதவாது. இரண்டு தடவையும் சேர்த்து இருபத்து மூணு முட்டையை அம்மா கொல்லையில் குழி தோண்டிப் புதைச்சுது. அன்னைக்கு ராத்திரி சரியாச் சாப்பிடலை.

இங்கே கணக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிறுவிடைப் பெட்டை ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை போடும். பிறகு 21 நாள் அடை. குஞ்சு பொரித்தபின் இரண்டு மாசத்துக்கு மேல் குஞ்சோடு திரியும். அதுவரை அடுத்த முட்டை கிடையாது. ஆகமொத்தம் வருஷத்துக்கு மூணு ஈடு, நல்லாப் போனால் நாலு. வேறு யாராவது அடைகாத்து, குஞ்சும் வளர்த்துக் கொடுத்தால் இந்தப் பெட்டை இரண்டு மூன்று வாரத்தில் தெளிந்து மறுபடி முட்டைக்கு வந்துவிடும். அப்போ அதே கோழியிடமிருந்து கூடுதல் குஞ்சு எடுக்கலாம். செவலைக்கு மிச்சம் இருப்பது ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ. அதற்குள் இருபது குஞ்சாவது எடுத்தாகணும். அந்த இரண்டு விடைக்கோழியை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஒரு கீரி போதும், கதை முடிஞ்சுது.

முன்னெல்லாம் அடைக்கோழி இரவல் கேட்டு வாங்குவது தெருவில் சாதாரணம். பெட்டையை வாரத்துக்கு விட்டு, பொரிக்கிற குஞ்சில் பாதிப் பாதி எடுத்துக்கொள்வதும் உண்டு. இப்போ கோழி வைத்திருக்கிற வீடே எண்ணிச் சொல்கிற அளவுதான். முட்டை கடையில் தட்டுக் கணக்கில் வருது, கறி ஞாயித்துக்கிழமை கிலோ கணக்கில் வருது, யாருக்குக் கோழி வேணும்? அடைக்கு உட்கார்ந்த பெட்டை நமக்குத் தேவைப்படுகிற வாரத்தில் கிடைக்காது.

“இன்குபேட்டர் வாங்குங்களேன்” என்று ஒரு நண்பர் சொன்னார். விசாரித்தேன். சின்னப் பெட்டி விலை கட்டுப்படியாகும். ஆனால் எங்க கரையில் ஐப்பசி, கார்த்திகையில் காத்தடிச்சா கரண்டு எப்போ போகும், எப்போ வரும்னு தெரியாது. அது தவிர, பெட்டி குஞ்சு பொரிக்கும், ஆனால் கூட்டிக்கொண்டு மேயப் போகாது. எறும்புப் புத்தைக் கிளறிக் காட்டாது. தாயில்லாமல் வளர்ந்த குஞ்சுக்குப் பருந்து பயம் தெரிய நாளாகும். கடலோரத்தில் அது தெரிந்துகொள்வதற்குள் ஆள் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் போனில் ஒரு வெள்ளைக் கோழியைக் காட்டினாள். பூனைக்குட்டி மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. “அப்பா, இது சும்மாவே அடையில உக்காருமாம். முட்டையே இல்லாட்டியும் உக்காருமாம்.” அவளுக்கு வேண்டியது அந்தப் பஞ்சு. எனக்குக் காதில் விழுந்தது அடை என்ற சொல். சரி, பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். நாலு இனம் பட்டியலில் வந்தது.

முதலில் போலிஷ் கேப். தலையில் பூங்கொத்து வைத்த மாதிரி இறகுக் கொண்டை. பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்தக் கொண்டை கண்ணை மறைக்கும். மேலே என்ன வருகிறது என்று அதற்குத் தெரியாது. செம்பருந்து நாள் பூரா சுத்துகிற ஊரில் அதை மேயவிட்டால் பருந்துக்குப் பந்தி வைத்த மாதிரி. போதாததுக்கு, இந்த இனம் அடைக்கு உட்காருவதே அபூர்வம். எங்க தேவைக்கு நேர் எதிர். ஒரே நாளில் பட்டியலிலிருந்து போய்விட்டது.

இரண்டாவது பிரம்மா. பேரைக் கேட்டதும் அம்மாவுக்கு மரியாதை வந்துவிட்டது. பிரம்மபுத்திரா நதியின் பேரைச் சுருக்கி வைத்தது அது. கோழி வந்தது என்னவோ சீனாவின் ஷாங்காய் துறைமுகத்திலிருந்து, 1840-களில் அமெரிக்காவுக்கு. அங்கே வளர்த்து இனமாக்கினார்கள். அந்தக் காலத்தில் மேல்நாட்டில் கோழிப் பைத்தியம் பிடித்து ஆட்டியிருக்கிறது. 1849-ல் பாஸ்டனில் கோழிக் கண்காட்சி நடத்தியிருக்கிறார்கள். ஜார்ஜ் பர்னம் என்ற வியாபாரி 1852-ல் விக்டோரியா மகாராணிக்கு இந்தக் கோழிகளைக் கப்பலில் அனுப்பி, அதையே விளம்பரமாக்கிச் சம்பாதித்தார். பிறகு அந்த ஆளே 1855-ல் இந்தக் கோழிக் காய்ச்சலைக் கிண்டல் செய்து ஒரு புத்தகமும் எழுதினார். வித்தும் சம்பாதிச்சார், சிரிச்சும் சம்பாதிச்சார்.

பிரம்மா சாது. ஆனால் ஆள் பெரிசு. சேவல் நாலு ஐந்து கிலோ வரும். பெட்டையும் மூணு கிலோவுக்குக் குறையாது. எங்க சிறுவிடை முட்டை சின்னது. அவ்வளவு கனம் மேலே உட்கார்ந்து காலை மாற்றி வைத்தால் ஓடு தாங்காது. தீனியும் அதே கணக்கில் செலவாகும். வீட்டில் தவிட்டுக் கணக்கு, குருணைக் கணக்கு பார்ப்பது என் மனைவி. “என்னங்க, இது கோழியா, கன்னுக்குட்டியா?” என்றாள். பிரம்மாவும் போச்சு.

மூன்றாவது கொச்சின். இதைத்தான் ரொம்ப நேரம் யோசித்தோம். பேரைக் கேட்டு நம்ம கேரளாக் கொச்சின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது இல்லை. கொச்சின் சீனா, அதாவது இன்றைய வியட்நாமின் தென்பகுதி. அங்கே உள்ள துறைமுகத்தின் சைகோன் என்ற பேர் காரைக்கால்காரர்களுக்குப் புதுசு இல்லை. காரைக்கால் 1739-லிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1862-ல் கொச்சின் சீனாவும் அவர்கள் காலனி ஆனது. அதற்கப்புறம் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து எத்தனையோ தமிழர்கள் சைகோனுக்குக் குமாஸ்தாவாக, போலீஸாக, வரி வசூலிக்கிறவராகப் போனார்கள். வட்டிக் கடை வைக்க செட்டிநாட்டிலிருந்தும் போனார்கள். அவர்களெல்லாம் கும்பிட்ட மாரியம்மன் கோவில் அங்கே இன்னும் இருக்கிறது. சைகோன் பென்ஷன் வாங்கின வீடு என்று இன்றைக்கும் காரைக்காலில் கை காட்டுவார்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி இங்கே கொடி மாறியது, சட்டப்படி 1962-ல் இந்தியாவோடு சேர்ந்தது. கோழிக்கு அந்தப் பேர் வந்தது பிரெஞ்சுக்காரன் சைகோனைப் பிடிக்கிறதுக்கு முன்னாடியே. இதிலும் ஒரு வேடிக்கை: பேர்தான் கொச்சின் சீனா, கோழி உண்மையில் சீனாவிலிருந்து போனதுதான். எந்தத் துறையில் கப்பல் நின்றதோ அந்தப் பேர் ஒட்டிக்கொண்டுவிடும் போல.

கொச்சினில் குள்ள வகை ஒன்று உண்டு. பேண்டம் என்பார்கள். உருண்டைப் பந்து மாதிரி இருக்கும், நல்லா அடைகாக்கும், குஞ்சையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளும். எனக்கு இதுதான் பிடித்திருந்தது. தடுத்தது அதன் கால். கால் விரல் நுனி வரைக்கும் இறகு முளைத்திருக்கும். எங்கள் கொல்லை மேட்டில் மணல்தான், ஆனால் வயல் பக்கம் இறங்கினால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை சேறு. சேறு அந்தக் கால் இறகில் ஒட்டி, காய்ந்து, கட்டியாகும். ஈரத்தோடு அடைக்கு வந்தால் முட்டை அழுக்காகும். இறகுக்குள் செள்ளும் சொறியும் வந்தால் வெளியே தெரியாது. தினம் கால் கழுவித் துடைக்க ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மழை மாசத்தில் தினமும் அதைச் செய்யும் என்று நான் நம்பவில்லை. அவளும் நம்பவில்லை. அவ பங்குக்கு அது நேர்மை.

கடைசியில் நின்றது சில்கி. மகள் போனில் காட்டியதும் அதுதான்.

சில்கி பழைய இனம். 13-ஆம் நூற்றாண்டில் சீனாவுக்குப் போன மார்க்கோ போலோ, பூனை முடி மாதிரி முடி உள்ள கறுப்புக் கோழிகள் அங்கே இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வெளியே வெள்ளைப் பஞ்சாக இருந்தாலும் தோல், எலும்பு எல்லாம் கறுப்பு. சீனாவில் அதை மருந்துக் கோழியாகவே சூப் வைத்துச் சாப்பிடுகிறார்கள். மற்றக் கோழிக்கு நாலு விரல், இதற்கு ஐந்து. எடை ஒரு கிலோவை ஒட்டி. வருஷத்துக்கு நூறு, நூற்றிருபது முட்டை போடும், ஆனால் அதற்கு நடுவில் அடைக்கு உட்கார்ந்துகொண்டே இருக்கும். தன் முட்டை, பிறர் முட்டை, வாத்து முட்டை, எதுவானாலும் சரி. மேல்நாட்டில் காடை, ஃபெசன்ட் முட்டையெல்லாம் இதன் கீழ் வைத்துப் பொரிக்கிறார்கள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கறுந்தோல் என்றதும் “கடக்நாத்தா?” என்று கேட்கிறார்கள். கடக்நாத் மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா பக்கத்துக் கோழி. 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது சாதாரண இறகு உள்ள, நன்றாக ஓடியாடி மேய்கிற, ஆனால் அடைக்கு அவ்வளவாக உட்காராத கோழி. இரண்டுக்கும் உள்ளே கறுப்பு என்ற ஒற்றுமை மட்டும்தான். கடக்நாத் விலைக்குச் சில்கியும், சில்கி என்ற பேரில் கலப்பும் கைமாறுகிறது. வாங்குகிறவர்கள் காலைத் தூக்கி விரலை எண்ணுங்கள்.

சில்கி என்றதும் அம்மா கேட்டது ஒரே கேள்வி. “ஏன் தம்பி, மழையில நனைஞ்சா அதுக்கு என்ன ஆவும்?”

சரியான கேள்வி. நம்ம கோழி இறகு ஒன்றைக் கையில் எடுத்து நடுவில் பிரித்துப் பாருங்கள். பிறகு விரலால் நீவுங்கள். மறுபடி ஒட்டிக்கொள்ளும். இறகின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத சின்னக் கொக்கிகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால்தான் இறகு ஓலை மாதிரி ஒரே தகடாக நிற்கிறது, தண்ணீர் வழிந்து ஓடுகிறது, காற்றைப் பிடித்துக் கோழியால் பறக்கவும் முடிகிறது. சில்கியின் இறகில் அந்தக் கொக்கி கிடையாது. அதனால்தான் பஞ்சு. அதனாலேயே மழைத் தண்ணீர் நேரே தோலுக்குப் போகும். பறக்கவும் முடியாது, மரத்தில் ஏறித் தப்பவும் முடியாது. நனைந்த சில்கியை உடனே துடைத்து உலர்த்தாவிட்டால் குளிரில் விறைத்துப்போகும்.

இதைச் சொன்னதும் அம்மா கஜாவை எடுத்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் புயல் கரை ஏறியபோது எங்கள் பக்கமும் காற்று சும்மா விடவில்லை. அன்று ராத்திரி பிடிக்க முடிந்த கோழிகளையெல்லாம் பஞ்சாரத்தில் போட்டு அடுப்படிக்குள் வைத்தோம். இரண்டு மட்டும் கைக்குச் சிக்காமல் புளியமரத்தில் ஏறிவிட்டன. ராத்திரி பூரா மழை, காற்று. விடிந்ததும் போய்ப் பார்த்தால் இரண்டும் கீழே நிற்கிறது. உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு விழுந்து கிடந்த தென்னை மட்டைக்கு அடியில் கிளற ஆரம்பித்துவிட்டது. “அது கோழி. உன் பஞ்சுக்கோழி அந்த ராத்திரி என்னா பண்ணும்? நம்ம ஆசைக்கு ஒரு உசுரைக் கொண்டாந்து மழையில போட்டுச் சாவடிக்கிறதா?”

இதற்குப் பதில் சொல்லாமல் கோழி வாங்கக்கூடாது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். ஒரு இனத்தை அது பிறந்து வளராத இடத்துக்குக் கொண்டுவந்தால், அந்த இடம் அதற்குச் செய்கிற கெடுதலுக்கு நாம்தான் பொறுப்பு. சிறுவிடை எங்களிடம் கேட்பது ராத்திரிக்கு ஒரு கூண்டும் காலையில் ஒரு கைக் குருணையும். சில்கி கேட்பது வீடு.

அதனால் வீட்டை முதலில் கட்டுகிறோம். கொல்லையில் மேட்டுப் பக்கம், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மூங்கில் பரண். மேலே தென்னங்கீத்து. தென்மேற்குக் காற்றைவிட எங்களுக்கு வடகிழக்கு மழைதான் எதிரி. அதனால் வடக்கிலும் கிழக்கிலும் கீத்துத் தட்டி முழுசாக அடைத்து, தெற்கே மட்டும் வலை. மழை சாரல் அடிக்கிற நாளுக்கு இறக்கிவிட ஒரு படுதா. உள்ளே உமி மெத்தை, நாலு விரல் கனம். கடற்கரை மணலைப் போடக்கூடாது, உப்பு ஈரத்தை இழுத்து எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். பறக்காத கோழி என்பதால் உயரக் கொம்பு வேண்டாம், முழங்கால் உயரத்துக்கும் கீழே ஒரு பலகை. ஏறுவதற்குச் சாய்வாக ஒரு பலகை. ஒரு மூலையில் சாம்பலும் காய்ந்த மணலும் கலந்த பெட்டி, அதில் புரண்டு செள்ளை உதிர்த்துக்கொள்ளும். மூங்கில், கீத்து, வலை, கூலி எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ஆகும் என்று மனைவியின் கணக்கு. கோழியைவிடக் கூடு விலை அதிகம். புயல் அறிவிப்பு வந்தால் அவை பஞ்சாரத்தோடு நடைக்கு வந்துவிடும். பறக்காத கோழியில் ஒரு நன்மை, துரத்திப் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது சேவல் பிரச்சினை. ஜோடியாக வாங்கு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நாங்கள் சேவல் வாங்கப் போவதில்லை. அடைகாக்கச் சேவல் எதற்கு? சில்கிச் சேவல் ஒன்று வெளியே வந்து செவலையின் விடைக்கோழிகளோடு சேர்ந்தால் இத்தனை பாடும் வீண். இதில் ஒரு ஆபத்து என்னவென்றால், அந்தப் பஞ்சு இறகுக் குணம் தாய், தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். சில்கிச் சேவலுக்கும் சிறுவிடைக்கும் பிறந்த குஞ்சு பார்க்கச் சாதாரண இறகோடுதான் இருக்கும். கலந்ததே தெரியாமல் போய்விடும். பெரும்பாலும் ஐந்தாவது விரல்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது கூட்டத்தைத் தனி வேலிக்குள் வைப்பது இதற்காகத்தான். எங்கள் சேவல் வேலி தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை, சில்கி போடுகிற முட்டையெல்லாம் ஆம்லெட்டுக்குத்தான். அடைக்கு வைக்கிற சிறுவிடை முட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும், நடுவில் சில்கி தன் முட்டை ஒன்றைச் சேர்த்துவிட்டாலும் அடையாளம் தெரியும்.

“அப்போ பஞ்சுக் குஞ்சே வராதா?” என்றாள் மகள். வராது என்றேன். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் வந்து, மூணு பெட்டையில் ஒன்றுக்குத் தான்தான் பேர் வைப்பேன் என்றாள். ஒப்பந்தம் ஆனது.

சேவல் இல்லாமல் பெட்டை மட்டும் வாங்குவது சொல்கிற மாதிரி சுலபம் இல்லை. சில்கிக் குஞ்சில் ஆண், பெண் பார்ப்பது கஷ்டம். நாலைந்து மாசம் ஆனாலும் சந்தேகம் தீராது. ஆகவே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் சின்னக் குஞ்சைக் காட்டி “ஆணும் பொண்ணும் ஜோடி” என்று யார் சொன்னாலும், அது அவருடைய நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, சில்கிக்கு மேரக்ஸ் என்ற வாத நோய் எளிதில் தொற்றும். கால் இழுத்துக்கொண்டு சாயும். அதற்கான தடுப்பூசி பொரித்த அன்றே போட வேண்டியது. நம்மால் வீட்டில் முடியாது. அதனால் முட்டைக்கு வந்துவிட்ட, ஏழெட்டு மாசம் தாண்டிய பெட்டையாகத்தான் வாங்குவோம். ஒன்று ஆயிரத்தைந்நூறு சொல்கிறார்கள். வந்ததும் ஒரு மாசம் கொல்லையின் மறுகோடியில் தனியாக இருக்கும். அதற்குத் தீனி வைத்த கையோடு அம்மாவின் கோழிகளிடம் போகக்கூடாது. புதுக் கோழி கொண்டுவருகிற நோய்தான் பழைய கூட்டத்தை அழிக்கும்.

தடுப்பு மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய்க்கு முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, பிறகு எட்டு வாரம் வாக்கில் இறக்கைக்கு அடியில் ஊசி. இதில் சின்னக் கூட்டம் வைத்திருக்கிறவர்களுக்குச் சிக்கல், மருந்துக் குப்பி நூறு கோழிக் கணக்கில்தான் வரும். கரைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐஸ் பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். பத்துக் கோழிக்கு நூறு கோழி மருந்தை என்ன செய்வது? நான் தெருவில் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். கோழி வைத்திருக்கிற எல்லாரும் காலையில் கூடையோடு வந்துவிடுவார்கள். செலவு எனக்குத் தனியாக ஏறாது, தெருவில் நோயும் வராது. பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்ட மருந்துதான் நம்ம கோழிக்கு வேலி.

எல்லாம் சரியாக அமைந்தால் தை மாசம் மூணு பெட்டையும் வரும். மழை ஓய்ந்து, தரை காய்ந்து, காற்று மாறின பிறகு. ஒன்றின் கீழ் ஏழெட்டு சிறுவிடை முட்டை வைக்கலாம், அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு ஓடாததைக் கூமுட்டை என்று எடுத்துவிடலாம். சில்கி அடையில் உட்கார்ந்தால் சாப்பாட்டை மறந்துவிடும் என்கிறார்கள், தினம் ஒருமுறை தூக்கி இறக்கித் தண்ணி காட்ட வேண்டும். அது மகளின் வேலை. அடைக்கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக் கரியும் இரண்டு காய்ந்த மிளகாயும் வைப்பது அம்மாவின் வேலை. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அதன் அம்மா சொன்னது. தையில் ஏது இடி என்று நான் கேட்பதில்லை.

நகரத்தில் இருக்கிறவர்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடியில் நிழலும் கூரையும் நனையாத தரையும் இருந்தால் சில்கி உங்களுக்கு ஏற்ற கோழிதான். பறந்து பக்கத்து வீட்டுக்குப் போகாது, சத்தம் குறைவு, குழந்தைகள் தூக்கினால் கொத்தாது. ஆனால் சேவல் எந்த இனமானாலும் விடியற்காலையில் கூவும், அதை மறக்காதீர்கள். கண்ணை மறைக்கிற இறகை மாசம் ஒருமுறை கத்தரித்துவிடுங்கள். தலையில் அடி படாமல் பாருங்கள், சில்கிகளில் பலதற்கு மண்டையோட்டில் நடுவில் எலும்பு மூடாமல் இருக்கும், ஒரு கொத்தே அதற்கு ஆபத்து. ஒன்றே ஒன்று வாங்காதீர்கள். கோழி தனியாக வாழ்கிற பிராணி இல்லை.

இப்போது ஆவணி. பரணுக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது. கீத்து முடைகிற அக்கா அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா வாயால் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் முதல் அடைக்கு வைக்கிற முட்டை செவலையுடையதாகத்தான் இருக்கணும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. முட்டையை எடுத்து வைத்திருந்து காத்திருக்க முடியாது, ஒரு வாரம் பத்து நாளுக்கு மேல் போனால் பொரிக்காது. ஆகவே செவலை தை வரைக்கும் திடமாக இருந்து, அப்போது முட்டைக்கு வர வேண்டும். இப்போது இறகு உதிர்த்துக்கொண்டு ஓரமாக நிற்கிறது. இறகு முளைக்கச் சத்து வேணும்னு அம்மா தினம் கருவாட்டுத் தலையை உரலில் இடித்து, கேழ்வரகோடு பிசைந்து, மற்றக் கோழிகளை விரட்டிவிட்டு அதற்கு மட்டும் தனியாக வைக்கிறது. நேற்றிலிருந்து கழுத்தில் புது இறகு குத்துக் குத்தாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.